கட்டப் பணம் இருக்கிறது, திறந்து வைக்கப் பணம் இல்லையா?

கிராமங்களில் பொதுக் கட்டடம் கட்ட மானியமும் கடனும் ஒதுக்கும் அதிகாரிகளுக்கும், தொகுதி நிதியிலிருந்து வேலைகளைப் பரிந்துரைக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும்,

எங்கள் ஊருக்குப் புதிதாக ஒரு சமுதாயக் கூடம் தரப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எஸ்டிமேட் போட்டாகிவிட்டது. கதிரடிக்கும் களத்தை டேப் வைத்து அளந்து சுண்ணாம்புக் கோடும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கட்டடம் எங்களுக்கு வேண்டாம்.

அரசாங்கம் கொடுப்பதை எந்த ஊராவது வேண்டாம் என்று சொல்லுமா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டார்கள். நாங்கள் சொல்கிறோம். அந்தக் களத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டடங்கள் மூன்று இருக்கின்றன. ஒரு நூலகம், ஒரு மகளிர் சுகாதார வளாகம், ஒரு பழைய சமுதாயக் கூடம். மூன்றும் எங்கள் வரிப்பணம். இந்த மூன்றையும் பழுது பார்த்துத் திறந்து கொடுங்கள், நாலாவது வேண்டாம் என்று கிராம சபையில் கேட்டோம், தீர்மானமும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். வந்த பதில் இதுதான்: பழுது பார்க்க இந்தத் தலைப்பில் நிதி இல்லை, புதிதாகக் கட்டத்தான் இருக்கிறது. வேண்டாம் என்றால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

குடியாத்தத்துக்குப் பக்கத்து கிராமம் எங்களுடையது. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன், மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேர் விடிகாலையில் வேன் ஏறி ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள், மற்றவர்கள் பீடி சுற்றுகிறவர்கள், தறியில் உட்காருகிறவர்கள், கழனி வேலைக்குப் போகிறவர்கள். ஊர்ப் பெயரை எழுதாததற்குப் பயம் காரணமில்லை. கே.வி.குப்பம் பக்கம் போனாலும் கணியம்பாடி பக்கம் போனாலும் அணைக்கட்டு பக்கம் போனாலும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற இடத்திலெல்லாம் இதே மாதிரி பூட்டைப் பார்க்கிறேன். ஒரு ஊர்ப் பெயரை எழுதினால் அந்த ஊர் கிளர்க்கின் மேல் ஒரு நோட்டீஸ் போட்டுவிட்டு விஷயத்தை முடித்துவிடுவீர்கள். கோளாறு கிளர்க்கிடம் இல்லை, பணம் ஒதுக்கும் முறையில் இருக்கிறது.

நூலகத்தை எடுத்துக்கொள்வோம். 2006-ல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளையும் ஐந்து ஆண்டுகளில் முடிப்பதாகப் பிரித்துக்கொண்டு, ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் என்று கொடுத்தார்கள். நூலகம், விளையாட்டு மைதானம், சுடுகாட்டு வேலை, குளம் எல்லாம் அந்தப் பணத்தில் வந்தன. நல்ல திட்டம் அது, மனதாரச் சொல்கிறேன். எங்கள் ஊரில் அதற்கு முன்னால் பேப்பர் படிக்க வேண்டுமென்றால் டீக்கடைக்குத்தான் போக வேண்டும், டீக்கடையில் பெண்கள் உட்கார முடியாது. நூலகம் திறந்த பிறகு நாங்களும் போய் உட்கார்ந்தோம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு பெரியவர் நூலகராக இருந்தார். பெயரளவுக்கு ஒரு மதிப்பூதியம், அதுவும் மாதாமாதம் ஒழுங்காக வராது. பென்ஷன் இருந்ததால் அவரால் அந்த வேலையைச் செய்ய முடிந்தது. பசங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார், புத்தகத்தைக் கிழித்தால் சத்தம் போடுவார். அவருக்கு உடம்பு முடியாமல் போனதும் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. அந்தத் தொகைக்கு யார் வருவார்கள்? நூறு நாள் வேலைக்குப் போனால் ஒரு வாரத்தில் அதைவிட அதிகம் கிடைக்கும்.

இன்றைக்கு ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தால் இரண்டு இரும்பு பீரோ தெரியும். ஒன்றின் கதவு பாதி திறந்து தொங்குகிறது, மேல்தட்டில் புத்தகங்கள் இருந்த இடத்தில் கறையான் மண் அப்பிக் கிடக்கிறது. கீழ்த்தட்டில் பிரிக்காத புத்தகக் கட்டு ஒன்று சணல் கயிறு கட்டியது கட்டியபடியே இருக்கிறது, அது யாரும் படிக்காமலே வீணாய்ப் போனது. மேஜைமேல் பழைய விளம்பரத் தட்டிகளும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும். கூரையில் ஒரு மூலையில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. கிராம நூலகங்களைப் புதுப்பிக்க அரசே பின்னால் பணம் ஒதுக்கியது, எங்கள் ஊருக்கும் ஆள் வந்தார்கள். வெளிச்சுவருக்கு பெயின்ட் அடித்தார்கள், எழுத்து எழுதினார்கள், போட்டோ எடுத்தார்கள், மறுபடி பூட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே உட்கார ஆள் போடவில்லை என்றால் பெயின்ட் அடித்து என்ன பிரயோஜனம்?

அதே நேரத்தில் ஊர்ப் பசங்க போலீஸ் வேலைக்கும் குரூப் 4-க்கும் படிக்கிறார்கள். எங்கே தெரியுமா? மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், நிழல் நகர நகர இவர்களும் நகர்ந்துகொண்டு. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் வசதி உள்ளவன் பஸ் பிடித்து டவுனுக்குப் போய்ப் படிக்கிறான். பெண்பிள்ளைகளை அப்படி தினமும் அனுப்ப வீட்டில் யோசிக்கிறார்கள், சாயங்கால பஸ் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. என் அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தவள், அந்தப் பூட்டிய கட்டடத்துக்கு எதிர் வீட்டில் உட்கார்ந்து டிவி சத்தத்துக்கு நடுவே படிக்கிறாள்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது இன்னொன்று. நாங்கள் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா. ஊராட்சி வசூல் செய்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டிய பணம் அது. நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு நூலகத்துக்கென்று தனி வரி போட்டுச் சட்டம் செய்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் எங்கள் ஊர் நூலகம் ஊராட்சியின் கட்டடம், நூலகத் துறையின் கீழ் வராது, அதனால் அந்த வரியிலிருந்து எங்களுக்கு ஒரு ஆளும் இல்லை, ஒரு பேப்பரும் இல்லை. வரி கட்டாவிட்டால் ரசீது கிடைக்காது, ரசீது இல்லாமல் வேறு காரியம் எதுவும் நடக்காது. நாங்கள் கட்டிக்கொண்டேதான் இருக்கிறோம்.

சரி, ஊராட்சியே ஒரு ஆளைப் போட்டால் என்ன என்று கேட்டோம். தலைவர் கணக்கைக் காட்டினார். 2026 மார்ச் வரைக்கான மத்திய அரசின் 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணமாக இருந்தது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்குச் செலவு செய்யலாம், ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக்கூடாது என்று விதி இருந்தது. மாநில நிதிக்குழு மானியம் வந்தால் கரண்ட் பில்லுக்கும் மோட்டார் ரிப்பேருக்கும் இருக்கிற ஊழியர்களின் சம்பளத்துக்கும் போய்விடுகிறது. எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி, எம்.எல்.ஏ. நிதி 3 கோடி. இரண்டிலும் கட்டடமாகக் கேட்கலாம், அந்தக் கட்டடத்தைத் திறந்து பெருக்கி விளக்குப் போட ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம் கேட்க முடியாது. எந்தக் கதவைத் தட்டினாலும் செங்கல்லும் சிமெண்டும் கொடுக்கிறார்கள், சாவியைக் கையில் வைத்திருக்க ஒரு மனுஷனைக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

புதுச் சமுதாயக் கூடத்துக்குப் போட்ட எஸ்டிமேட்டின் நகலை வாங்கிப் பார்த்தேன். கணக்கு எழுதிப் பழகியவள் என்பதால் ஒவ்வொரு இனமாகப் படித்தேன். அஸ்திவாரம், கம்பி, டைல்ஸ், பெயின்ட், மின் இணைப்பு, பெயர்ப்பலகை எல்லாம் இருக்கிறது. 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருக்கிறது, கட்டடத் தொழிலாளர் நலனுக்கு 1 சதவீதம் இருக்கிறது. திறப்பு விழாவுக்கு அடுத்த நாள் முதல் ஆகப்போகிற செலவுக்கு ஒரு பைசாகூட இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 11-வது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு 29 பொறுப்புகள் சொல்லியிருக்கிறார்கள். 20-வது நூலகம். கடைசியாக இருக்கிற 29-வது சமுதாயச் சொத்துகளைப் பராமரிப்பது. பொறுப்பை எங்கள் ஊராட்சியின் தலையில் எழுதி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதற்கான பணத்தை இன்னும் எந்தத் தலைப்பிலும் எழுதவில்லை.

மகளிர் சுகாதார வளாகத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை, எழுதினால் கோபம்தான் வரும். 2001-க்குப் பிறகு ஊராட்சிதோறும் கட்டினார்கள், குளிக்கிற இடம், கழிப்பறை, துணி துவைக்கிற கல், மோட்டார் எல்லாம் வைத்து. பல ஊர்களில் பாழாகிப் போனதால் 2011-12-ல் அரசே மறுபடி பணம் ஒதுக்கிச் சரிசெய்தது. எங்கள் ஊரில் மோட்டார் எரிந்தது, காயில் கட்ட யார் பணம் கொடுப்பது என்று பேசிப் பேசியே மாதங்கள் போயின, தண்ணீர் இல்லாத கழிப்பறை என்ன ஆகுமோ அது ஆனது. கடைசியில் உள்ளே இருந்த கழிப்பறைக் கதவுகளையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் கழிப்பறை கட்ட இடமில்லாத குடும்பங்கள் இன்னும் எங்கள் தெருவில் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண்கள் இருட்டுவதற்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு மோட்டார் காயில் கட்டுகிற பணம்தான் குறுக்கே நின்றது.

பழைய சமுதாயக் கூடத்தின் கதை வேறு. அது பாழாகவில்லை, ஆரம்பத்திலிருந்தே பயன்படவில்லை. ஏனென்றால் அதைக் கட்டும்போது ஊர்ப் பெண்களில் ஒருத்தியிடம்கூட யாரும் கேட்கவில்லை. ஒரு நீளமான அறை, முன்னால் ஒரு வராண்டா, அவ்வளவுதான். சமையலுக்கு இடம் இல்லை. தண்ணீர்க் குழாய் இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் துணி மாற்ற ஒரு தடுப்பு இல்லை. கழிப்பறை பின்பக்கம் தனியாக, விளக்கில்லாத இடத்தில். இதில் கல்யாணம் எப்படி நடத்துவது? காதுகுத்து நடத்திப் பார்த்தார்கள், சோறாக்கிய புகை முழுக்க உள்ளே வந்து கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். அப்புறம் யாரும் கேட்கவில்லை. ஷூ கம்பெனியில் பத்துப் பன்னிரண்டு வருஷம் தோல் ஒட்டிச் சேர்த்த பணத்தை டவுன் மண்டபத்தில் ஒரு நாள் வாடகைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு நகையை அடகு வைக்கிற குடும்பங்கள் எங்கள் குழுவில் இருக்கின்றன. வீட்டுக்கு நாலு தெரு தள்ளி அரசாங்க மண்டபம் சும்மா நிற்கிறது.

2021 நவம்பரில் பாலாறும் கவுண்டன்யா ஆறும் கரைபுரண்டு ஓடியதே, அந்த மழையில் ஏரிக்கரைத் தெரு வீடுகளில் தண்ணீர் புகுந்துவிட்டது. ராத்திரி நேரம், வயசானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சமுதாயக் கூடத்துக்குத்தான் ஓடினோம். சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பூட்டை உடைத்து உள்ளே போனால் ரேஷன் சாக்கும் பந்தல் மூங்கிலும் உடைந்த டியூப் லைட்டும் தரை முழுக்க. கண்ணாடித் துண்டு குத்திக் குழந்தை ஒன்றுக்குக் காலில் ரத்தம். அங்கிருந்து எல்லோரும் நனைந்துகொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனோம், தலைமையாசிரியர் போனில் சொல்லி வாட்ச்மேன் திறந்துவிட்டார். பள்ளிக்கூடத்தின் சாவி இருக்குமிடம் தெரிந்தது, ஏனென்றால் அங்கே தினமும் திறக்கிற ஆள் ஒருவர் சம்பளத்தில் இருக்கிறார். எல்லாக் கட்டடத்துக்கும் நாங்கள் கேட்பது இதுதான்.

உங்களிடம் நேராக ஒன்று கேட்கிறேன். எங்கள் குழு வங்கிக் கடன் வாங்கினால் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்கிறார்கள், ரொக்கப் புத்தகத்தைப் பார்க்கிறார்கள், யார் கூட்டத்துக்கு வந்தார்கள் யார் வரவில்லை என்று பார்க்கிறார்கள். கடனில் வாங்கிய தையல் மிஷின் வீட்டில் இருக்கிறதா, ஓடுகிறதா என்று வாசல்வரை வந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும், அது சரிதான், அடுத்தவர் பணம். ஒரு தவணை தள்ளிப்போனால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதே அக்கறையோடு கட்டடத்தைப் பார்க்க வருகிறவர் யார்? கட்டி முடித்ததும் ஒரு போட்டோ, அளவுப் புத்தகத்தில் ஒரு பதிவு, பில் பாஸ், அதோடு சரி. ஒரு வருஷம் கழித்து அது திறந்திருக்கிறதா என்று வந்து பார்த்த அதிகாரியை நான் பார்த்ததில்லை.

மானியம் என்றால் சும்மா வந்த பணம் என்று யாராவது நினைத்தால் அதுவும் தப்பு. நபார்டு வங்கியில் 1995-96 முதல் ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதி என்று ஒன்று இருக்கிறது. விவசாயம் மாதிரி முன்னுரிமைத் துறைகளுக்குக் கொடுக்க வேண்டிய அளவு கடன் கொடுக்காத வங்கிகள் அந்தக் குறைவுக்கு ஈடாக அங்கே போடுகிற பணம் அது. அதிலிருந்து மாநில அரசுகள் கடன் வாங்கி சாலை, பாலம், பள்ளிக்கூடம், அங்கன்வாடி என்று கட்டுகின்றன. ஏழு ஆண்டில் அடைக்க வேண்டும், முதல் இரண்டு ஆண்டுகள் அசல் கட்ட வேண்டியதில்லை. விவசாயிக்குக் கடனாக வந்து சேர வேண்டிய பணம் சுற்றிக்கொண்டு கட்டடமாக வருகிறது என்றால் அந்தக் கட்டடம் எவ்வளவு பொறுப்பாக நடக்க வேண்டும்? எங்கள் ஊர்க் கட்டடங்கள் எந்தப் பணத்தில் வந்திருந்தாலும் சரி, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பது யாரோ கட்டிய வரி அல்லது யாரோ கட்டிக்கொண்டிருக்கும் வட்டி.

நமக்கு நாமே திட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மிச்சத்தை அரசு போடும் என்கிறீர்கள். கிளினிக்கோ மண்டியோ வைத்திருக்கிறவர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் உள்ள ஊரில் ஒரே நாளில் பணம் சேர்ந்துவிடும், பெயரும் கல்லில் வந்துவிடும். எங்கள் தெருவில் 15 லட்ச ரூபாய் வேலைக்கு 5 லட்சம் எங்கிருந்து வரும்? அணைக்கட்டு மலைமேல் இருக்கிற பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊர்க்காரர்களிடம் போய்ப் பங்குப் பணம் கேட்க முடியுமா? இருக்கிற ஊருக்கு மேலும் சேர்வதும் இல்லாத ஊர் அப்படியே நிற்பதும்தான் நடக்கிறது.

பங்கு போட மாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களால் போடக்கூடிய பங்கு வேறு மாதிரி. மொத்தமாக 5 லட்சம் முடியாது, மாதாமாதம் முடியும். எங்கள் குழுக்கள் சேர்ந்து இதைப் பேசியிருக்கிறோம். சமுதாயக் கூடத்தில் சமையலறையும் தண்ணீரும் போட்டுக் கொடுத்தால் முகூர்த்த நாட்களில் குறைந்த வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் கரண்ட் பில் கட்டி, பெருக்குகிறவருக்குச் சம்பளம் கொடுத்து, மீதியை ரிப்பேருக்கென்று பேங்கில் போட முடியும். நூலகத்தைச் சாயங்காலம் திறக்க டிகிரி முடித்த மருமகள்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், நியாயமான சம்பளம் கொடுத்தால் வருவார்கள். இதை எழுதி மனுவாகக் கொடுத்தோம். ஊராட்சிக் கட்டடத்தைக் குழுவிடம் ஒப்படைக்க வழிமுறை இல்லை என்று வாயால் சொன்னார்கள், எழுத்தில் கேட்டால் தரவில்லை. மனுவின் ரசீது என்னிடம் இருக்கிறது.

அந்தக் களத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது காலி இடம். எங்களுக்கு அது தை மாசியில் நெல்லும், அப்புறம் மல்லாட்டையும் கேழ்வரகும் காய்கிற இடம். அறுவடை மிஷின் வந்துவிட்டதே, களம் எதற்கு என்று பொறியாளர் கேட்டார். மிஷின் அறுத்துக் கொட்டுகிற நெல் ஈரமாகத்தான் வரும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத்தான் எடுப்பார்கள், காயப்போட இடம் இல்லாதவன் வியாபாரி சொல்கிற விலைக்கு விட்டுவிட வேண்டியதுதான். இப்போதே பாதி நெல் தார்ரோட்டில் காய்கிறது, ராத்திரியில் பைக்காரர்கள் அதில் சறுக்கி விழுகிறார்கள். இருக்கிற ஒரு களத்தையும் மூடி அதன்மேல் இன்னொரு பூட்டிய கூடம் கட்டப் போகிறீர்கள்.

எங்கள் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

களத்தில் கட்டுவதாக இருக்கும் வேலையை உடனே நிறுத்தி வையுங்கள். அதற்கு ஒதுக்கிய தொகையை இருக்கிற மூன்று கட்டடங்களைப் பழுது பார்க்க மாற்றிக் கொடுங்கள். விதி இடம் கொடுக்கவில்லை என்றால் எந்த அரசாணையின் எந்த விதி என்று எழுத்தில் கொடுங்கள், அந்த விதியை மாற்றச் சொல்லி நாங்கள் அடுத்த படி ஏறிக்கொள்கிறோம். எங்கள் எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் புதுக் கட்டடத்துக்கு எழுதுகிற பரிந்துரைக் கடிதத்துக்கு முன்னால், இந்த விதியை மாற்றச் சொல்லி ஒரு கடிதம் எழுத வேண்டும்.

இனிமேல் எந்த ஊருக்குக் கட்டடம் கொடுத்தாலும் எஸ்டிமேட்டிலேயே ஐந்து வருஷப் பராமரிப்புக்கு நூற்றுக்குப் பத்து ரூபாயாவது ஒதுக்கித் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். யார் திறப்பார், யார் சம்பளம் கொடுப்பார், கரண்ட் பில் எந்தக் கணக்கில் போகும் என்று டெண்டருக்கு முன்பே எழுதி ஊராட்சி போர்டில் ஒட்ட வேண்டும். அது எழுதப்படாத வேலைக்கு டெண்டர் விடாதீர்கள். கட்டடத்தின் வரைபடத்தைக் கிராம சபையில் விரித்துக் காட்டுங்கள். சமையலறை எங்கே, கழிப்பறை எங்கே என்று பெண்கள் சொல்லி, அது தீர்மானத்தில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நமக்கு நாமே திட்டத்தில், பணமாகப் போட முடியாத ஊர் கட்டடத்தை எடுத்து நடத்தினால் அதையும் பங்காக ஏற்றுக்கொள்ளுங்கள். மகளிர் குழுக் கூட்டமைப்போடு ஊராட்சி ஒப்பந்தம் போட ஒரு தெளிவான வழிமுறை வேண்டும், கணக்கை எந்த அதிகாரி வேண்டுமானாலும் எந்த நாளும் வந்து பார்க்கலாம். ஊராட்சி நூலகங்களுக்கு, அந்த ஊரிலிருந்து வசூலாகும் நூலக வரியில் ஒரு பகுதியையாவது திருப்பிக் கொடுங்கள். அது போதாது என்பதும் தெரியும், மிச்சத்தை அரசு சேர்த்து, நூலகருக்கு ஒரு மனுஷர் வேலைக்கு வரக்கூடிய சம்பளம் கொடுக்க வேண்டும்.

அப்புறம், வேலூர் மாவட்டத்தின் ஏழு ஒன்றியங்களிலும் அரசுப் பணத்தில் கட்டிய பொதுக் கட்டடங்களை ஊர் ஊராகப் பட்டியல் எடுங்கள். எந்த ஆண்டு கட்டியது, எந்த நிதி, இன்று திறந்திருக்கிறதா, மூடியிருந்தால் ஏன் என்று. அந்தப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். மூடிக் கிடப்பது எதுவோ அதே வகையில் இன்னொன்றை அந்த ஊருக்குக் கொடுப்பதற்கு முன்னால் முதலாவதைத் திறந்தாக வேண்டும் என்று உத்தரவு போடுங்கள்.

எங்கள் ஊருக்கான பதிலை அடுத்த கிராம சபைக்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். சபையில் அதை வாசிக்க உங்கள் அலுவலகத்திலிருந்து பொறுப்பான ஒருவர் நேரில் வர வேண்டும். அதுவரை களத்தில் கடைக்கால் தோண்ட ஜேசிபியை அனுப்பாதீர்கள்.